பொருநைக் கரையில் கைமாறிய கதைகள்

தாமிரபரணி கடலில் சேரும் கழிமுகத்தில் ஒரு காலத்தில் காயல் என்ற பெருந்துறை இருந்தது. ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நின்றதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அதே நூலில் இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது அவர் சாக்கியமுனியின் கதையையும் சொல்கிறார்: அரண்மனைக்குள் வைத்துக் காக்கப்பட்ட இளவரசன் முதுமையையும் சாவையும் கண்டான், அரசைத் துறந்தான். இந்த மனிதர் கிறிஸ்தவராக இருந்திருந்தால் நம் ஆண்டவரின் பெரிய புனிதர்களில் ஒருவராகியிருப்பார் என்று வியப்போடு முடிக்கிறார்.

அவர் அப்படி எழுதிய நாளிலேயே ஐரோப்பாவின் தேவாலயங்கள் அந்த இளவரசனைப் புனிதராகக் கொண்டாடிக்கொண்டிருந்தன. பெயர் மட்டும் மாறியிருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவின் நூலைப் படியெடுத்த ஒருவர் இதைக் கண்டுகொண்டார். இது நம் புனித யோசபாத்தின் வரலாறு போலவே இருக்கிறதே என்று அவர் குறிப்பு எழுதினார்.

யோசபாத்தின் கதை இதுதான். இந்தியாவில் ஆபென்னர் என்றொரு அரசன். கிறிஸ்தவத் துறவிகளை வதைப்பவன். அவனுக்கு ஒரு மகன் பிறக்கிறான். பிள்ளை கிறிஸ்தவனாகிவிடுவான் என்று சோதிடன் சொல்ல, துன்பம் எதுவும் கண்ணில் படாத மாளிகையில் அவனை அடைத்து வளர்க்கிறான் தகப்பன். ஒருநாள் வெளியே வந்த மகன் தொழுநோயாளியையும் பார்வையற்றவரையும் பார்க்கிறான். பிறகு தள்ளாத கிழவர் ஒருவரைப் பார்க்கிறான். மனம் கலங்கிய அவனுக்கு பர்லாம் என்ற துறவி வழிகாட்டுகிறார். முடிவில் யோசபாத் முடி துறந்து காட்டுக்குப் போகிறான்.

புத்த சரிதம் எப்படி இங்கே வந்தது என்பதை மேலைநாட்டு அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் துப்புத் துலக்கத் தொடங்கினார்கள். மத்திய ஆசியாவின் மணிக்கேயச் சமயத்தார் வழியாகக் கதை பாக்தாத்துக்குப் போய் அரபு மொழியில் நூலானது. அரபியிலிருந்து ஜார்ஜிய மொழிக்குச் சென்றது. அங்கேதான் அது முதன்முதலில் கிறிஸ்தவக் கதையானது. கி.பி. 1000ஐ ஒட்டி, ஆதோஸ் மலைத் துறவி யூத்திமியுஸ் அதைக் கிரேக்கத்தில் ஆக்கினார். 1048இல் இலத்தீன் வடிவம் வந்தது. போதிசத்துவர் என்ற பெயர் அரபியில் பூதாசஃப், யூதாசஃப் என்று தேய்ந்து, இலத்தீனில் யோசபாத் ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் பரோனியுஸ் சீர்செய்த உரோமைப் புனிதர் பட்டியல் நவம்பர் 27ஐ அவருக்கு உரிய நாளாகக் குறித்தது.

கிறிஸ்தவக் கதைகள் பழைய பிற சமயக் கதைகளிலிருந்து வந்தவையா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆம், இந்தக் கதை வந்தது. இந்த மண்ணிலிருந்தே போனது.

அதோடு இன்னொரு கதையும் போனது. பர்லாம் தன் சீடனுக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று, விலங்கு துரத்த ஓடிப் பள்ளத்தில் தொங்கும் மனிதனைப் பற்றியது. கீழே பாம்பு வாய் பிளந்து கிடக்கிறது. அவன் பற்றியிருக்கும் மரத்தின் வேரை வெள்ளெலியும் கருப்பெலியும் அறுக்கின்றன. அவனோ மேலிருந்து சொட்டும் தேனை நக்குவதில் எல்லாவற்றையும் மறக்கிறான். மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில் விதுரர் சொல்லும் கதை இதுவே. சமணர்களும் இதை விரும்பிச் சொன்னார்கள்; தோலாமொழித் தேவரின் சூளாமணியில் இது நான்கே வரிகளில் வருகிறது. துரத்தும் யானை ஐரோப்பாவுக்குப் போனதும் ஒற்றைக்கொம்புக் குதிரையாக மாறிவிட்டது. இத்தாலியின் பார்மா நகரத் திருமுழுக்குக் கூடத்தின் வாசல் ஒன்றின் மேல் அந்தேலமி என்ற சிற்பி பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தேன் குடிக்கும் மனிதனைச் செதுக்கினார். சமண ஆசிரியர்களும் மாணவர்களும் வாழ்ந்து, பாறையில் தீர்த்தங்கரர்களைப் புடைத்து வைத்த கழுகுமலை பழைய திருநெல்வேலிச் சீமையில்தான் இருக்கிறது. அங்கே சமணம் தழைத்திருந்த நூற்றாண்டுகளில்தான் இந்தக் கதைகள் மேற்கே பயணம் செய்துகொண்டிருந்தன.

தாமிரபரணி பிறக்கும் பொதிகைக்கே ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் உண்டு. சைவர்களுக்கு அது அகத்தியர் மலை. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங் தென்னாட்டின் போதலக மலையை அவலோகிதேசுவரர் உறையும் இடம் என்று எழுதினார். அது பொதிகையே என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர், அகத்தியரே அவலோகிதரிடம் தமிழ் கேட்டவர் என்றார். ஒரு சமயத்தின் முனிவர் இன்னொரு சமயத்தின் மாணவர் ஆகிவிட்டார். இப்படிக் கதைகளைக் கொடுத்து வாங்கிப் பழகிய மலையடிவாரத்துக்குத்தான் பதினாறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் கடல் வழியாக வந்து சேர்ந்தது.

ஒற்றுமையைக் கண்டவுடன் யார் யாரிடம் வாங்கினார் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது எளிது. போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகு தோ கூத்தோ கோவாவில் இருந்தபடி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புத்தர் கதைக்கும் யோசபாத் கதைக்கும் உள்ள ஒற்றுமையைச் சரியாகவே பிடித்தார். ஆனால் புத்தர் கதைதான் யோசபாத் கதையைப் பார்த்து எழுந்தது என்று தலைகீழாக முடிவு கட்டினார். தன் சமயமே மூலமாக இருக்கவேண்டும் என்ற ஆசை அவர் கண்ணை மறைத்தது. சாயர்புரத்தில் பணியைத் தொடங்கிய ஜி.யு. போப்பும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்தான். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டிருப்பார் என்று அவர் ஊகித்தார். அதற்குச் சான்று எதுவும் இல்லை.

எதிர்த் தரப்பிலும் இதே அவசரம் உண்டு. அமெரிக்கரான கெர்சி கிரேவ்ஸ் 1875இல் எழுதிய நூலில், இயேசுவுக்கு முன்பே சிலுவையில் அறையப்பட்ட மீட்பர்கள் பதினாறு பேர் என்று பட்டியல் போட்டு, அதில் கிருஷ்ணரையும் சேர்த்தார். வேடன் ஜராவின் அம்பு காலில் தைத்துக் கிருஷ்ணர் மறைந்தார் என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எந்த இந்திய நூலிலும் சிலுவை கிடையாது. டிசம்பர் 25 பற்றிய வாதமும் இப்படித்தான் ஓடுகிறது. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை ஆவணத் தொகுப்பு ஒன்றில் அந்த நாள் வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாளாகவும் இருக்கிறது, கிறிஸ்துவின் பிறந்தநாளாகவும் இருக்கிறது. எது முந்தியது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுகமாக இல்லை. அப்படியே சூரியனுடையதுதான் முந்தியது என்று வைத்துக்கொண்டாலும், கடன் பட்டது கொண்டாடும் நாள் மட்டுமே. நற்செய்தி நூல்கள் பிறந்த தேதியைச் சொல்லவே இல்லை.

ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்கவேண்டும். கதை முழுவதும் வந்ததா, கதையைச் சொல்லும் முறை வந்ததா, கதைக்குள் ஒரு நிகழ்ச்சி மட்டும் வந்து ஒட்டிக்கொண்டதா? ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாலஸ்தீனத்தில் இதைச் சோதிப்பது கடினம். திருநெல்வேலிச் சீமையில் சோதிக்கலாம். இங்கே கவிஞர்களின் பெயர் தெரியும், அவர்கள் எதைப் படித்தார்கள் என்பதும் தெரியும்.

வீரமாமுனிவரை எடுத்துக்கொள்வோம். இத்தாலியில் 1680இல் பிறந்த ஜோசப் பெஸ்கி தமிழகம் வந்த தொடக்கக் காலத்தில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். பின்னாளில் அவர் பாடிய தேம்பாவணியின் தலைவன் வளன், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசை. நற்செய்தி நூல்களில் சூசை வாய் திறந்து பேசும் ஒரு சொல் கூட இல்லை. அந்த மௌனமான தச்சனுக்கு 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்ட காப்பியம் எழுந்தது. நிகழ்ச்சிகளில் பலவற்றை ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிருதா மரியாளின் நூல் தந்தது. மற்றதைக் கம்பரும் திருத்தக்க தேவரும் தந்தார்கள். கம்பர் கோசலத்தைப் பாடியதைப் போலவே முனிவர் யூதேயாவுக்கு நாட்டுப் படலமும் எருசலேமுக்கு நகரப் படலமும் வைத்தார். மழை பொழிந்து, ஆறு பெருகி, வயலில் நெல் விளையும் யூதேயா அது. பாலைநிலத்தை ஒட்டிய அந்த நாட்டில் தமிழ்க் காப்பிய மரபு மருதத்தை நட்டுவிட்டது.

இது ஏமாற்று வேலையா? காப்பியத் தலைவனின் நாடு வளமாகத்தான் இருக்கவேண்டும் என்பது தமிழ்ப் புலவனும் கேட்பவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்தை மீறியிருந்தால் தேம்பாவணியைப் புலவர்கள் காப்பியமாகவே எண்ணியிருக்க மாட்டார்கள்.

இன்னும் துணிச்சலான கொடுக்கல் வாங்கல் குற்றாலத்தில் தொடங்குகிறது. தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்கிறாள். குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் குறி சொல்கிறாள். அவளைத் தேடிப் புறப்பட்ட சிங்கன், நூவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் சிறுவனாக இருக்கும்போதே ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் மன்னரான சரபோஜிக்கும் அவருக்கும் நெடுநாள் பழக்கம். சரபோஜியையே தலைவனாக வைத்து ஒரு குறவஞ்சி எழுந்து பெரிய கோயிலில் ஆடப்பட்ட காலம் அது. சாஸ்திரியார் 1800ஐ ஒட்டி பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். தலைவன் பெத்லகேம் நாதர். அவரைக் காதலிக்கும் தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறத்தி விசுவாசத்தின் உருவம். சிங்கன் வைக்கும் வலை நற்செய்தி. அதில் விழும் பறவைகள் மனித ஆன்மாக்கள். நூலின் நடுவே கோப்பர்னிக்கஸ் சொன்ன வானியலும் உலகப் புவியியலும் இடம்பெறுகின்றன. ஐரோப்பியப் பள்ளிக்கூடத்தில் கற்றதைக் குற்றாலத்துக் குறத்தி மரபில் அவர் பாடவைத்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வடிவத்தை வாங்கினால் அதன் உணர்ச்சியும் கூடவே வருகிறது. இறைவனிடம் காதல்வயப்பட்டு, நிலவையும் தென்றலையும் பழிக்கும் தலைவி ஆழ்வார்கள், நாயன்மார்கள் வழியாக வந்தவள். விவிலியத்திலும் உன்னதப்பாட்டு இருக்கிறது, சபை கிறிஸ்துவின் மணமகள் என்ற உருவகமும் இருக்கிறது. ஆனால் தேவமோகினி ஏங்கும் விதம் தமிழ் பக்தி கற்றுக்கொடுத்தது. இங்கே சொல்லும் முறையோடு நின்றுவிடாமல் அனுபவமே இடம் மாறியிருக்கிறது. கிறிஸ்துவை இப்படி நேசிக்கலாம் என்று தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சொன்னதில் வசந்தவல்லிக்கும் பங்கு உண்டு.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழ் கற்பித்தார். 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் எழுதிய பயணக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் இதழில் அது பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்கள். இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்கள். பனியனின் கதையில் நடுவே நிற்பவன் பாவச் சுமையோடு நடக்கும் பயணி. கிருஷ்ண பிள்ளையோ இயேசுவின் பாடுகளைத் தனியே விரித்துப் பாடுகிறார். குற்றமற்ற ஒருவர் தாமாகவே துன்பத்தை ஏற்கும் காட்சியைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு, முடி துறந்து காடேகிய இராமன் நினைவுக்கு வராமல் போகாது. கிறித்தவக் கம்பர் என்ற பட்டம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை.

இந்த மூவரும் சிலுவைக் கதையை எந்தப் புராணத்திலிருந்தும் எடுக்கவில்லை. அது ஏற்கெனவே எழுதப்பட்டு அவர்கள் கையில் இருந்தது. அதைக் கேட்கும் காதுகளைத்தான் கம்பரும் கவிராயரும் முன்பே பழக்கி வைத்திருந்தார்கள்.

கதைக்குள் பழைய நிகழ்ச்சி வந்து சேர்வதற்கும் இங்கேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை 1745இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே ஆண்டுகளில் கொச்சி ஆயர் உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் வாழ்ந்ததையும் கொலையுண்டதையும் யாரும் ஐயப்பட வேண்டியதில்லை. அவர் தாகத்தால் வாடி முட்டியால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்று புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறையைக் காட்டுகிறார்கள். பாறையிலிருந்து நீர் வருவித்த மோசே விவிலியத்தில் இருக்கிறார். அடியார் பொருட்டு ஊற்றெடுத்த தீர்த்தங்கள் நம் தலபுராணங்களில் ஏராளம். பழைய நிகழ்ச்சியின் சாயல் ஒரு கதையில் தெரிகிறது என்பதற்காக அந்த மனிதரே இல்லை என்று சொன்னால், ஆவணங்களோடு வாழ்ந்து மறைந்த தேவசகாயத்தையும் இல்லை என்று சொல்லவேண்டியிருக்கும். அதேபோல, மனிதர் உண்மை என்பதாலேயே பாறையில் சுரந்த நீருக்கும் வரலாற்றுச் சான்று கிடைத்துவிட்டதாக ஆகாது.

கடன் வாங்குவதை மிஷனரிகள் எல்லோரும் விரும்பவில்லை. இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் அவர்களுடைய தெய்வங்களைப் பேய்கள் என்றும் வழிபாட்டைப் பேய் வணக்கம் என்றும் எழுதினார். மக்களையும் தாழ்த்தி எழுதிய அந்த நூல் அவர்கள் மனத்தை ஆழமாகப் புண்படுத்தியது. அந்தச் சமூகத்தில் பிறந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் மிஷனரிகளிலிருந்து விலகித் தனிச்சபை கண்டார். இந்துக் கிறிஸ்தவ சபை என்று அறியப்பட்ட அது ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமை ஓய்வுநாளை மேற்கொண்டது. பழைய ஏற்பாட்டு விழாக்களையும் தூபத்தையும் எடுத்துக்கொண்டது. மூலத்திலிருந்து விலகியவர்கள் ஐரோப்பியர்களே, எங்கள் மண்ணின் வழக்கங்கள்தான் வேதத்துக்கு நெருக்கமானவை என்பது அவர் வாதத்தின் உயிர். தம் சமயத்தில் எது மூலம், எது சேர்க்கை என்ற கேள்வியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு விட்டுவிடாமல், தேரிக்காட்டு ஊர் ஒன்றில் ஒரு தமிழர் தாமே எடுத்து வாதாடினார். அந்தத் துணிச்சலுக்கு உரிய இடம் தமிழ்ச் சமய வரலாற்றில் இன்னும் கிடைக்கவில்லை.

கடன் வாங்கியதாலேயே கிறிஸ்தவம் பொய் என்று சொல்பவரும், கடனே இல்லை என்று சாதிப்பவரும் யோசபாத்துக்கும் தேவமோகினிக்கும் முன்னால் சற்று நின்று பார்க்கவேண்டும். இளவரசன் யோசபாத் என ஒருவர் வாழவில்லை. அவர் கதை முழுதாக வாங்கப்பட்டது. அதைப் புனிதர் வரலாறாக நம்பியது பிழை. பெத்லகேம் குறவஞ்சியில் அப்படிப்பட்ட பிழை எதுவும் இல்லை. சாஸ்திரியார் எதையும் மறைக்கவில்லை. தலைப்பிலேயே குறவஞ்சி என்று சொல்லிவிட்டார். இரண்டையும் ஒரே சொல்லால் திருட்டு என்பது ஆராய்ச்சி ஆகாது.

நம் இலக்கிய வரலாற்று நூல்களிலோ தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் பெத்லகேம் குறவஞ்சிக்கும் கிறிஸ்தவ இலக்கியம் என்று தனி அத்தியாயம் ஒதுக்கி, ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். கம்பனைக் கற்பிக்கும் வகுப்பில் கோசல நாட்டுப் படலத்தை அடுத்து யூதேய நாட்டுப் படலத்தையும் விரிக்கலாம். குற்றாலக் குறவஞ்சி படிக்கும் தென்காசி மாணவர், அடுத்த வாரமே தேவமோகினியின் ஏக்கத்தையும் படித்து, வசந்தவல்லியிடமிருந்து அவள் எங்கே விலகுகிறாள் என்று தானே தேடலாம். சூளாமணியின் தேன்துளிப் பாட்டுக்குப் பக்கத்தில் பார்மா சிற்பத்தின் படத்தை வைக்கலாம். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. இருக்கும் நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் ஆசிரியர்கள் போதும்.